கேஸ் போடவா, விட்டுடவா?

போன வெள்ளிக்கிழமை இரவு 11 மணி இருக்கும். தங்கை மகனிடமிருந்து போன். எஸ்.ஐ. பயிற்சி முடித்து ஸ்டேஷனுக்கு வந்து அவனுக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"மாமா, பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டு பேர் சண்டை. ரெண்டு பேரும் குடிச்சிருக்காங்க. ஒருத்தருக்குச் சட்டை கிழிஞ்சிருக்கு, காயம் ஒண்ணும் இல்ல. ஜீப்புல ஏத்திட்டேன். கேஸ் போடவா, விட்டுடவா?"

"ஏன் ஏத்தின?" என்று கேட்டேன்.

"கூட்டம் கூடிடுச்சு மாமா. எல்லாரும் வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஏதாவது செய்யணும்ல?"

அந்த நேரத்தில் அவனுக்கு இரண்டு வரிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவன் படிப்பான். இந்த வருடம் புதிதாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கும் மற்றப் பிள்ளைகளும் படித்தால் நல்லது.

நான் 1986-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். ஏட்டாகி, சிறப்பு எஸ்.ஐ.யாகி, 2024-ல் ஓய்வு பெற்றேன். கொலை, கொள்ளை வழக்குகளில் என் பங்கு பெரும்பாலும் பாரா என்கிற காவல் முறையும் பந்தோபஸ்தும்தான். மற்றபடி அந்த 38 வருடமும் குடித்துவிட்டு ரோட்டில் கத்துகிறவர், குழாயடிச் சண்டை, நள்ளிரவு ஸ்பீக்கர், திருவிழாவில் பையன்களின் தள்ளுமுள்ளு என்றே போனது. ஸ்டேஷனில் இதற்குப் பெட்டி கேஸ் என்று பெயர். சென்னையில் 'செவன்டி ஃபைவ்' என்பார்கள். 1888-ஆம் வருட மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. குடித்துவிட்டு நிதானமில்லாமல் கிடப்பது, பொது இடத்தில் ரகளை செய்வது, அசிங்கமாக நடந்துகொள்வது எல்லாம் அந்த ஒரே பிரிவில் அடங்கிவிடும். அவ்வளவு அகலமான வலையில் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். நானும் பிடித்திருக்கிறேன். அதைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் தெருவில் போய் நிற்கும் அந்தப் பத்து நிமிடம். டாஸ்மாக் இரவு 10 மணிக்கு மூடும். 10-லிருந்து 11 வரைக்கும் வரும் அழைப்புகள் பாதிக்கு மேல் இந்த வகைதான். சண்டை நடக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் முட்டுகிற மாதிரி நிறுத்தக் கூடாது. பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். நடந்து வருகிற போலீஸைப் பார்த்ததும் பாதிச் சண்டை தானாகவே தணிந்துவிடும். லத்தி வண்டியிலேயே இருக்கட்டும். கையில் இருந்தால் அதை ஓங்கத் தோன்றும், ஓங்கியதைப் பார்த்தால் எதிரே இருப்பவனுக்கு ரோஷம் வரும்.

அடுத்து, இரண்டு பேரையும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி பிரித்து நிறுத்த வேண்டும். ஒருவரை மூடிய கடைப் படியில் உட்கார வைத்துவிட்டால் போதும். நிற்கிறவன் பாய்வான், உட்கார்ந்தவன் பேசுவான். பிறகுதான் கூட்டம். என் அனுபவத்தில், சண்டையை வளர்ப்பது பாதி நேரம் சுற்றி நிற்கிற கூட்டம்தான். பத்துப் பேர் பார்க்கும்போது பின்வாங்குவது அவமானம், அதனால்தான் அவன் கத்துகிறான். கூட்டத்தைப் பார்த்து "கலைஞ்சு போங்க" என்று பொதுவாகக் கத்தினால் ஒருத்தர்கூட நகர மாட்டார். முன்னால் நிற்கிற ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் இவங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டால் அவரே நான்கு பேரை இழுத்துக்கொண்டு போவார். வீடியோ எடுப்பவரின் போனைப் பிடுங்கவே கூடாது. நீ ஒழுங்காக நடந்துகொண்டால் அந்த வீடியோ உனக்குத்தான் சாட்சி.

சட்டைக் காலரில் கை வைக்காதே. 'டேய்' போடாதே. பெயரைக் கேள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேள். மனைவியின் போன் நம்பரைச் சொல்ல வேண்டும் என்றதும் குரல் இறங்காத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. என் முதல் ஸ்டேஷனில் இருந்த ஒரு ஏட்டய்யாவின் பின்னால் ராத்திரி ரவுண்ட்ஸ் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவர் என்னை ஒரு பெரிய தப்பிலிருந்து காப்பாற்றியும் இருக்கிறார். நான் சேர்ந்து மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ரோட்டோரம் தள்ளாடிக்கொண்டிருந்த ஒருவரைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மூலையில் படுக்க வைத்தேன். வாயில் சாராய வாடை, பேச்சுக் குழறல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். போதை என்று முடிவு கட்டிவிட்டேன். பாரா மாற வந்த ஏட்டய்யா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பனிக்காலத்தில் சட்டை நனைகிற அளவுக்குக் குளிர்ந்த வேர்வை. "டேய், இது தண்ணி மட்டும் இல்லடா" என்று உடனே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போது 108 எல்லாம் கிடையாது. சர்க்கரை நோயாளி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கொஞ்சம் குடித்திருக்கிறார், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு ஏட்டய்யா வரத் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் மருமகனே, வாடை அடிக்கிறது என்பதால் போதைதான் என்று எண்ணாதே. கீழே விழுந்து மண்டையில் அடிபட்டவரும் அப்படித்தான் குழறுவார். பெயர் சொல்ல முடியாதவர், எழுப்பினால் எழாதவர், மூச்சு இழுத்து இழுத்து விடுபவர் யாரானாலும் முதலில் ஆஸ்பத்திரி. வழக்கு, அது, இது எல்லாம் அப்புறம். படுக்க வைக்க நேர்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பேசு. தூங்குகிறார் என்று விட்டுவிடாதே.

இப்போது நான் பிடித்த கதை. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. மாதக் கடைசியில் கூட்டம் நடக்கும். பெட்டி கேஸ் எத்தனை, போன மாதத்தை விட ஏன் குறைவு என்று கேட்பார்கள். மேலே இருப்பவரை அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார். கணக்குக் குறைந்தால் திட்டு விழும். அப்படி ஒரு மாதக் கடைசியில் எங்கள் எல்லையில் பிளாட்பாரத்தில் படுக்கும் ஒருவரைக் கூட்டிவந்தேன். பழைய பேப்பர் பொறுக்குகிறவர், வயது 50 இருக்கும். குடித்துவிட்டு ரகளை செய்ததாக எழுதினேன். கோர்ட்டில் அவர் ஒத்துக்கொண்டார், கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதே வருடத்தில் இரண்டாவது முறையும் அவரையே கூட்டிவந்தேன். மூன்றாவது முறை நான் போய் நின்றதுமே அவர் எழுந்து சாக்குப் பையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "போலாங்களா ஐயா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை. மது வாடை வீசியது என்று என் கையால் எழுதினேன்.

இதை என் மனைவியிடம்கூட வெகுகாலம் சொல்லவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எண்ணிக்கையை வைத்து ஸ்டேஷனை அளந்தால், தெருவில் எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவன்தான் அந்த எண்ணிக்கையாக மாறுவான். சண்டையை விலக்கிவிட்டு இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிய காவலருக்கு அந்தக் கணக்கில் பூஜ்யம். பொய் வாடை எழுதிய எனக்கு ஒன்று. இந்தக் கணக்கு முறை ஒழிய வேண்டும். ஒரு தெருவில் இருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வருகிறதா, நின்றுவிட்டதா என்று கேளுங்கள், அதில் காவலரின் வேலை தெரியும்.

பெட்டி கேஸ்தானே, அபராதம் கட்டினால் முடிந்தது என்று நாங்களே ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புவோம். முடிவதில்லை. 2011-ல் ஒரு கோயில் திருவிழாவில் கைகலப்பு. ஆறு பையன்கள் பெயரைச் சேர்த்து எழுதினோம். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323 பிரிவுகள். 'ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து' என்ற அந்த வரி எங்களுக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவோம். அந்த ஆறு பேரில் 19 வயதுப் பையன் ஒருவன் சண்டையை விலக்க உள்ளே போனவன் என்று அங்கேயே இரண்டு பேர் சொன்னார்கள். கேட்டுக்கொள்ள நேரமில்லை. ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடு, அலைச்சல் மிச்சம் என்று சொன்னோம். கட்டினான். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதற்குச் சமம் என்பது அவனுக்குத் தெரியாது. எங்களில் யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து அவன் காவலர் தேர்வில் எழுத்து, உடல் தகுதி இரண்டிலும் தேறிவிட்டான். நன்னடத்தை விசாரணைக்கு அந்தக் காகிதம் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது. அப்போது நான்தான் ரைட்டர். பதிவேட்டில் இருப்பதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினேன். அவன் அம்மா ஸ்டேஷன் வாசலில் சாயங்காலம் வரை நின்றிருந்தார். உள்ளே வந்து எதுவும் கேட்கவில்லை.

சரி, அப்படியானால் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டால், கூடவே கூடாது. விட்டுவிடுவதிலும் அநியாயம் இருக்கிறது. ஒரு அம்மா இரவு பதினொன்றரைக்கு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். தெருவில் ஸ்பீக்கர் அலறுகிறது, மகளுக்குக் காலையில் பப்ளிக் எக்ஸாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. அரசு தளர்வு கொடுக்கும் ஒரு சில நாட்கள்தான் விலக்கு. ஆனால் விழா நடத்தியவர்கள் செல்வாக்குள்ளவர்கள். "பாத்துக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவர் மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு போன ஒரு காவலர் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லவில்லை. "12-ஆம் நம்பர் வீட்டுல இருந்து கம்ப்ளைன்ட் வந்திருக்கு, கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். அந்தக் குடும்பத்தோடு தெருவே ஆறு மாதம் பேசவில்லை.

சின்னக் குற்றம் என்பது நமக்குத்தான் சின்னது. தினமும் அதே சந்தில் குடித்துவிட்டு ஒருவன் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு நின்றால், டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளை சுற்று வழியில் போக வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் போலீஸ் வர வேண்டும். ஸ்பீக்கர் என்றால் முதல் முறை நிறுத்தச் சொல்ல வேண்டும், சொன்னதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை அதே இடத்துக்குப் போக நேர்ந்தால் ஆம்ப்ளிஃபயரைப் பறிமுதல் செய்து வழக்குப் போட வேண்டும். அது யாருடைய விழாவாக இருந்தாலும் சரி. புகார் கொடுத்தவர் யார் என்று தெருவில் ஒருபோதும் சொல்லக் கூடாது. "ரவுண்ட்ஸ்ல வந்தோம், சத்தம் கேட்டுச்சு" என்றால் முடிந்தது.

வழக்குக்கும் விட்டுவிடுவதற்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழியை நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தோப்புக்கரணம், முட்டி போடுதல், ஸ்டேஷனைப் பெருக்கச் சொல்லுதல், இரண்டு தட்டுத் தட்டி அனுப்புதல். 2020 ஊரடங்கில் இதை ஊரே பார்த்தது. வழக்குப் போட்டு அவன் எதிர்காலத்தைக் கெடுப்பதற்கு இது தேவலை என்று சொல்பவர்கள் எங்களில் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்டனை கொடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் நமக்குக் கிடையாது. அதே 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். சி.பி.ஐ. வரைக்கும் போன வழக்கு. ஆரம்பம் என்ன? கடையை மூடவில்லை என்ற ஒரு பெட்டி விஷயம். இரண்டு தட்டு என்று தொடங்கும் கை எங்கே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த மாதம் நான் யூனிஃபார்மோடு பஸ்ஸில் ஏறியபோது பக்கத்துச் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தது. எனக்குக் கடைசி சில மாதங்கள்தான் அதில் வேலை பார்க்கக் கிடைத்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவில் குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம். இப்போது அது பி.என்.எஸ். 355, அதாவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்தின் 355-ஆம் பிரிவு. அபராதம் 1000 ரூபாய் வரை, இல்லாவிட்டால் சமூக சேவை என்ற புதுத் தண்டனை. எனக்கு இது பிடித்திருக்கிறது. தினக்கூலிக்காரரிடம் 1000 ரூபாய் பிடுங்குவதை விட ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுத்தம் செய்ய வைப்பது மேல். ஆனால் அதைக் கொடுப்பவர் மாஜிஸ்திரேட். நாம் இல்லை. ஸ்டேஷன் வாசலைப் பெருக்க வைத்துவிட்டு 'சமூக சேவை' என்று யாராவது சொன்னால் நம்பாதே. இன்னொன்று, 355 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமே இல்லை. இதைப் பல வருடம் சர்வீஸ் போட்டவர்களே மறந்துவிடுகிறார்கள்.

பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172-ஆம் பிரிவையும் படித்து வை. போலீஸின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரைப் பிடித்து வைக்கலாம், அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தலாம், சிறிய விஷயமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கூடிய சீக்கிரம் விட்டுவிடலாம் என்கிறது. உதவியான பிரிவுதான், ஆபத்தானதும்கூட. 'கூடிய சீக்கிரம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள். 24 மணி நேரம் என்பதைப் பிடித்துக்கொண்டால், காலையில் பார்க்கலாம் என்று ராத்திரி முழுக்க ஒருவரை உட்கார வைக்கத் தோன்றும். அவருக்கு விடிந்தால் வேலை, போகாவிட்டால் கூலி இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் அவருடைய உரிமை, நாம் மனது வைத்துக் கொடுப்பது இல்லை. பிணைக்கு ஆள் கொண்டுவர வசதியில்லாத ஏழையென்றால் சொந்தப் பிணையில் விட வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று. எச்சரித்து அனுப்பினால், அதை எழுது. பொது நாட்குறிப்பில் நேரம், இடம், பெயர், என்ன நடந்தது, என்ன சொல்லி அனுப்பினாய் என்று நான்கு வரி. புகார்தாரர் யாராவது வந்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. எழுதாமல் விடும் இரக்கம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று 38 வருடம் பார்த்திருக்கிறேன். கவுன்சிலர் மகன் குடித்துவிட்டுக் கண்ணாடி உடைத்தால் "சின்னப் பையன், விடுங்க" என்று போன் வரும், ஒரு காகிதத்திலும் அவன் பெயர் இருக்காது. அதே ரகளையைச் சுமை தூக்குபவர் செய்தால் செவன்டி ஃபைவ். நான்கு வரி எழுதும் பழக்கம் இருந்தால், ஆறு மாதம் கழித்து யாராவது புரட்டிப் பார்க்கும்போது, யாரை எச்சரித்தோம், யார் மேல் வழக்குப் போட்டோம் என்பது தெரியும். நமக்கே உறைக்கும். அந்தப் பிளாட்பாரத்துக்காரரின் பெயரை ஒரே பதிவேட்டில் மூன்று முறை அடுத்தடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வழக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்தம் வந்தால், பெண்களிடம் வம்பு செய்தால், ஆயுதம் இருந்தால், எச்சரித்த பிறகும் அதே ஆள் அதே இடத்தில் திரும்ப நின்றால் வழக்குப் போட்டே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

வெள்ளிக்கிழமை போனில் நான் சொன்னது இதுதான்: "ரெண்டு பேர்கிட்டயும் அடி பட்டிருக்கான்னு தனித்தனியாக் கேளு, டாக்டர்கிட்ட காட்டணுமான்னு பாரு. அப்புறம் வீட்டு ஆளுங்கள வரச் சொல்லு, வந்ததும் கையெழுத்து வாங்கி எழுதிட்டு அனுப்பு."

சனிக்கிழமை மதியம் அவனே கூப்பிட்டான். ஒருவரின் தம்பி அரை மணியில் பைக்கில் வந்து அழைத்துப் போய்விட்டார். இன்னொருவரின் போனில் சார்ஜ் இல்லை, நம்பரும் ஞாபகமில்லை. ரைட்டரின் சார்ஜரில் போட்டு, மனைவிக்குச் சொல்லி, அவர் அண்ணனோடு வந்து சேரும்போது மணி ஒன்றாகிவிட்டதாம். அதுவரை இவன் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். சண்டை எதற்காம்? பஸ் படிக்கட்டில் யார் காலை யார் மிதித்தது என்று.

காலையில் இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பைப் பார்த்திருக்கிறார். "கேஸ் ஏன் போடல?" என்று கேட்டாராம். இவன் நாட்குறிப்பில் எழுதியிருந்த பத்து வரியைக் காட்டியிருக்கிறான். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாராம்.